வண்டி சொல்லும் கணக்கும் ஏடு சொல்லும் கணக்கும்

திருவனந்தபுரத்தில் சில காலமேனும் தங்கியிருந்த தமிழர்களுக்குச் சாலைக் கடைத்தெருவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மிளகாய் வற்றலும் கொத்தமல்லியும் கருப்பட்டியும் கலந்து மணக்கும் அந்தத் தெருவில், தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுள் ஒருவரான ஓர் அண்ணாச்சிக்கும் அவருடைய கார் ஓட்டுநருக்கும் அண்மையில் ஒரு மனத்தாங்கல் நேர்ந்தது. இருவரும் நமக்குத் தெரிந்தவர்கள்; ஆதலால் பெயர் வேண்டா.

காரின் முன்பலகையில், ஓட்டுவோர் கண்ணெதிரே, ஒரு சிறு கண்ணாடித் திரை இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை அது எண்ணால் காட்டும். அண்ணாச்சியின் காரில் அது 18.2 என்று காட்டியது. அந்த மாதம் வண்டி ஓடிய தொலைவு 2,400 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 132 லிட்டர் போதும். ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்த பங்க் ரசீதுகளைக் கூட்டினால் 141 லிட்டர் வந்தது. ஒன்பது லிட்டர் எங்கே போயிற்று? இன்றைய விலையில் அது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். “அண்ணாச்சி, வண்டி குடித்ததைத்தான் நான் எழுதியிருக்கிறேன்” என்றார் ஓட்டுநர். “தம்பி, வண்டியே வேறு சொல்கிறதே” என்றார் முதலாளி. அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அடுத்த மாதமும் அப்படியே நடந்தது.

பணத்தைக் காட்டிலும் அதன் பின்னே நின்ற சொல்லாத சொல்தான் அந்த மனிதரை வருத்தியது. தக்கலைப் பக்கத்திலிருந்து வந்து, ஊரை விட்டு ஊரில் பிழைக்கும் ஒருவருக்கு, நாணயம் என்ற பெயரைத் தவிர வேறு முதல் ஏது? வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இதை நன்கு உணர்வீர்கள்.

வண்டி சொல்வது உண்மையா, ரசீது சொல்வது உண்மையா என்ற இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பேசுவதற்குத் திருவனந்தபுரம் பொருத்தமான ஊரேயாகும். இந்த ஊரில் அரசாங்கமே பஸ் ஓட்டத் தொடங்கியது 1938-ஆம் ஆண்டில். அவ்வாண்டு பெப்ரவரி மாதம் 20-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். அதற்கென லண்டன் நகரப் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்டர் என்ற ஆங்கிலேயர் முந்திய ஆண்டே வரவழைக்கப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 அடிச்சட்டங்கள் வந்தன. அவற்றின்மேல் உடற்கூடுகளை உள்ளூர்த் தொழிலாளிகள் சால்டரின் மேற்பார்வையில் கட்டினார்கள். தொடக்க நாளன்று முதல் வண்டியைச் சால்டரே ஓட்ட, மகாராஜாவும் குடும்பத்தாரும் கவடியார் வரை பயணம் செய்தார்கள்.

அக்காலத்தில் இந்த ராஜ்யத்தின் எல்லை கன்னியாகுமரி முனை வரை நீண்டிருந்தது என்பதை இளைய தலைமுறையினருக்கு நினைவூட்டலாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் முதல் நாள்தான் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. ஆகவே திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஓடிய வண்டியில் தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து சென்றன.

கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். இங்கே சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயம்; வண்டிச் சக்கரமன்று. 28 சக்கரம் சேர்ந்தால்தான் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இப்படி அரைச் சக்கரமாக வரும் வருமானத்தில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு காலன் எண்ணெயும் கணக்கில் நிற்க வேண்டும் அல்லவா? பஸ் நிர்வாகம் என்பது பாதிக்கு மேல் இந்தக் கணக்கே. வண்டி எத்தனை மைல் ஓடிற்று, எத்தனை காலன் குடித்தது என்ற இரண்டு எண்களும் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும்.

இவ்விரண்டில் தொலைவை அளப்பது மிகப் பழைய கலை. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக்கலை வல்லுநர் விட்ருவியஸ் தம் நூலில் ஒரு வண்டியை வருணிக்கிறார். அதன் சக்கரம் நானூறு முறை சுற்றினால் ஐயாயிரம் அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது மேலே உள்ள ஒரு தட்டிலிருந்து ஒரு கூழாங்கல் கீழே உள்ள பாத்திரத்தில் விழும். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் மைல் தெரியும். நம் நாட்டில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலம் அளந்தவர்கள் பெரம்புலேட்டர் என்ற ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சாலைகளை அளந்தார்கள். இன்று உங்கள் காரில் கிலோமீட்டரைக் காட்டும் மானியும் அந்தக் கூழாங்கல்லின் வழித்தோன்றலே. அது சக்கரத்தின் சுற்றை எண்ணுகிறது; சாலையை அளப்பதில்லை. டயர் தேய்ந்து சக்கரத்தின் ஆரம் சிறிது குறைந்தால், அதே தொலைவுக்குச் சுற்று கூடும், மானியும் கூடுதலாகக் காட்டும். முப்பது சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் நூற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் பொய்.

பஸ் டிப்போக்களில் இந்தத் தொல்லைக்கு ஒரு மாற்று உண்டு. தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு எவ்வளவு தூரம் என்பது வழித்தடத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டுவிட்டது. எத்தனை நடை என்று எண்ணிப் பெருக்கினால் போதும்; வண்டியின் மானியை நம்பத் தேவையில்லை. இரவில் வண்டி டிப்போவுக்குத் திரும்பியதும் தொட்டியைப் பழைய மட்டத்துக்கு நிரப்புகிறார்கள். நிரப்பிய அளவுதான் அன்று எரிந்த அளவு. ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஏட்டில் எழுதுகிறார்கள். இது அரசுப் பஸ் நிர்வாகங்களின் பொதுவான முறை. திருவிதாங்கூர்த் துறையின் வழித்தோன்றலாக 1965-இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் பிறந்த பிறகும் அடிப்படை இதுவே. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அந்த எண்ணைக் கொண்டுதான் எந்த எஞ்சினுக்கு மராமத்து வேண்டும், எந்த ஓட்டுநர் நிதானமாக ஓட்டுகிறார் என்று பட்டறையினர் கண்டறிகிறார்கள்.

தொலைவை அளக்கச் சக்கரம் இருந்தது. எண்ணெயை அளக்க வண்டிக்குள் என்ன இருந்தது? நெடுங்காலம் ஒன்றும் இல்லை. தொட்டியில் ஒரு குச்சியை விட்டு நனைந்த மட்டத்தைப் பார்ப்பார்கள். பிறகு மிதவையும் முள்ளும் வந்தன. திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமான நகரம். 1837-இல் நிறுவப்பட்ட வானாய்வு நிலையம் நிற்கும் குன்றின்மேல் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை ஓட்டிச் சென்றவர்களுக்குத் தெரியும்: ஏறும்போது முள் ஒரு பேச்சுப் பேசும், இறங்கும்போது வேறொரு பேச்சுப் பேசும். முள்ளை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். கணக்காகக் கொள்ள இயலாது. பல்லாயிரக்கணக்கான லாரி ஓட்டுநர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு வந்தது. பஸ்ஸின் பின்புறத்தில் பெரிய உலை ஒன்றைக் கட்டி, மரக்கரியை எரித்து, அதில் எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டினார்கள். அந்தக் கரிவாயு பஸ்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள் நேயர்கள் பலரது காதிலும் விழுந்திருக்கும். அப்போது கணக்கு காலனில் இல்லை, மூட்டையில் இருந்தது.

போர் முடிந்து, நாடு விடுதலை பெற்று, 1956-இல் எடை அளவைச் சட்டம் நிறைவேறிற்று. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மைல் கிலோமீட்டர் ஆயிற்று, காலன் லிட்டர் ஆயிற்று. காலனுக்கு 40 மைல் என்று பெருமை பேசிய வண்டி, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று சொல்லக் கற்றுக்கொண்டது. ஆனால் ‘மைலேஜ்’ என்ற சொல் மட்டும் போகவில்லை. மைலையே கண்டறியாத பிள்ளைகளும் இன்று “என்ன மைலேஜ் தருகிறது?” என்றுதான் கேட்கிறார்கள். சட்டத்தால் அளவை மாற்றலாம். நாக்கை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

வண்டியே தன் கணக்கைச் சொல்லும் காலம் பிறந்தது எண்ணெய் நெருக்கடியால். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை விதித்தன. சில மாதங்களில் உலகச் சந்தை விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதுவரை பெட்ரோலைத் தண்ணீராகச் செலவிட்ட அமெரிக்கர்கள்கூடக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். 1978-ஆம் ஆண்டுக்கான காடிலாக் செவில் காரில், விரும்பியவர்கள் கூடுதல் விலை கொடுத்துப் பெறும்படியாக, பயணக் கணக்கைப் போட்டு எண்ணால் காட்டும் ஒரு சிறு கணினியைப் பொருத்தினார்கள்.

நம் நாட்டுக்கு அது பரவலாக வந்து சேர இன்னும் பல்லாண்டுகள் ஆயின. அதற்குக் காரணம் உண்டு. கார்புரேட்டர் என்ற பழைய சாதனம் காற்றின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுத்துக் கலந்து அனுப்பும். எவ்வளவு அனுப்பினோம் என்ற நினைவு அதற்குக் கிடையாது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் கார்புரேட்டர்தான். 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கார்களை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முறைக்குத் தள்ளின. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதிகள் மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் அதே வழியில் செலுத்தின. இன்ஜெக்டர் வந்தவுடன் எண்ணுவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. புகையைக் குறைக்கப் போட்ட விதி, கண்ணாடியில் ஓர் எண்ணையும் கொண்டுவந்து வைத்தது.

அந்த எண் எங்ஙனம் பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். அண்ணாச்சியின் வழக்கு இங்கேதான் திரும்புகிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும் நாலு சிலிண்டர் எஞ்சினில், வினாடிக்கு 80 முறை இன்ஜெக்டர்கள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் அவை திறந்திருப்பது வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம். எஞ்சினை ஆளும் கணினிக்கு அந்த நேரம் தெரியும். ஒரு இன்ஜெக்டர் இவ்வளவு நேரத்தில் இவ்வளவு பெட்ரோலை விடும் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த ஒரு மதிப்பும் அதனிடம் உண்டு. இரண்டையும் பெருக்கிக் கூட்டி, சக்கரம் சொன்ன தொலைவை அதனால் வகுத்துக் கண்ணாடியில் எழுதுகிறது. பெட்ரோலை அது ஒருபோதும் அளக்கவில்லை. குழாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து, குடத்தில் எவ்வளவு நீர் விழுந்திருக்கும் என்று மதிப்பிடுகிறது.

குழாயின் துளை சற்றே அகன்றிருந்தால்? இங்கே ஒரு விநோதம் நிகழ்கிறது. புகைக்குழலில் உள்ள ஆக்ஸிஜன் உணரி ‘பெட்ரோல் கூடிவிட்டது’ என்று கணினிக்குச் சொல்கிறது. உடனே கணினி இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைக்கிறது. எரியும் பெட்ரோல் சரியான அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் நேரம் குறைந்தமையால், கண்ணாடியின் கணக்கில் பெட்ரோல் குறைவாகப் பதிவாகி, மைலேஜ் கூடிவிடுகிறது. எஞ்சின் நேர்மையாக ஓடுகிறது. எண் மட்டும் தாராளமாகப் பேசுகிறது. இன்னொன்று: வெயிலில் நிற்கும் காரின் தொட்டியில் எழும் பெட்ரோல் ஆவியையும் எஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது. அது இன்ஜெக்டர் வழியாகச் செல்வதில்லை. ஆகவே கண்ணாடியின் கணக்கில் ஏறுவதும் இல்லை. சிறிய அளவுதான், எனினும் நம்முடைய வெப்ப நாட்டில் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதனால் கண்ணாடி பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் பதிவாகும் புதிய பெட்ரோல், டீசல் கார்களில் எரிபொருள் செலவைக் கண்காணிக்கும் ஏற்பாடு கட்டாயம். அதன் பிழை நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என்பது அங்குள்ள விதி. சட்டமே ஐந்து விழுக்காட்டைப் பொறுத்துக்கொள்கிறது என்றால், வாங்கிய காரின் எண்ணைச் சத்திய வாக்காகக் கொள்வது எங்ஙனம்?

ஏட்டுக் கணக்கில் மட்டும் பிழை இல்லையா? உண்டு. பங்க்கில் குழாய் ‘டக்’ என்று தானே நிற்பதைத் தொட்டி நிறைந்ததற்கு அடையாளமாகக் கொள்கிறோம். வண்டி நிற்கும் சாய்வையும், பெட்ரோல் நுரைப்பதையும் பொறுத்து அது ஒரு லிட்டர்கூட முன்னே பின்னே ஆகலாம். வெப்பம் ஒரு பாகை ஏறினால் பெட்ரோலின் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெருகும். பங்க் எந்திரத்துக்கும் ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை பிழைக்கு இடம் உண்டு. ஐயமுள்ளவர்கள் அங்கேயே ஐந்து லிட்டர் முத்திரைப் பாத்திரத்தில் ஊற்றி அளந்து காட்டும்படி கேட்கலாம். அது வாங்குவோரின் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆயினும் இவ்விரு பிழைகளின் இயல்பு வேறு. ஒரு முறை 36 லிட்டர் நிரப்பி வகுத்தால், முனையில் நேரும் ஒரு லிட்டர்ப் பிழை நூற்றுக்கு மூன்று அளவுக்குக் கணக்கைக் கெடுக்கும். பத்து முறை நிரப்பி மொத்தமாக வகுத்தால், அதே ஒரு லிட்டர் 360 லிட்டரில் கரைந்து காணாமற் போகும். இடையில் ஊற்றியதெல்லாம் எரிந்தே தீர்ந்தது. தொடக்கத்திலும் முடிவிலும்தான் ஐயம். கண்ணாடியின் பிழையோ ஒவ்வொரு துளியிலும் ஒட்டிக்கொண்டு வருவது. பத்து மாதம் ஓட்டினாலும் ஏழு விழுக்காடு ஏழு விழுக்காடாகவே நிற்கும். கடையில் பேரேடு எழுதுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஆண்டு முழுவதும் குறைந்த எடைக்கல்லால் நிறுத்தால் நாட்கள் செல்லச் செல்ல அது சரியாகிவிடுமா?

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாடியும் ஏடும் தொலைவுக்கு ஒரே மானியைத்தான் நம்புகின்றன. டயர் தேய்ந்திருந்தால் இரண்டும் ஒரே அளவில் ஏமாறும். ஆகவே இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமை தொலைவில் இல்லை, லிட்டரில்தான் இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதையும் காரணமாகச் சிலர் சொல்கிறார்கள். 2025-இல் அந்தக் கலப்பு நூற்றுக்கு இருபது ஆயிற்று. எத்தனால் கலவாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அந்த லிட்டரில் வெப்ப ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைவு. ஆனால் அதற்கேற்ப இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறந்திருப்பதால், பெரும்பாலும் கண்ணாடியிலும் அந்தக் குறைவு தெரிந்துவிடும். அண்ணாச்சியின் ஒன்பது லிட்டருக்கு அது விடை ஆகாது. மீதி இரண்டே வழிகள்: கண்ணாடி கூட்டிச் சொல்கிறது, அல்லது எவரோ எடுக்கிறார்.

இதைப் பிரித்தறிய ஒரே சோதனைதான் உண்டு. அதை அண்ணாச்சி தம்மை அறியாமலேயே செய்தார். ஓணம் விடுமுறையில் ஓட்டுநர் தம் ஊருக்குப் போய்விட்டார். அண்ணாச்சி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, தாமே ஓட்டி, திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்குச் சென்றார். புறப்படும்போது தொட்டியை நிரப்பினார். வழியில் ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை நிரப்பினார். பழக்கம் காரணமாக ரசீதுகளைப் பத்திரப்படுத்தினார். ஓடியது 612 கிலோமீட்டர். முதலில் நிரப்பியது போக, பின் இரு முறையும் ஊற்றியது 36 லிட்டர். லிட்டருக்கு 17. கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். 18.2 என்று அது சிரித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் திரும்பிய அன்று மாலை, கடை அடைக்கும் நேரத்தில், பிடித்த இரண்டாயிரம் ரூபாயை அண்ணாச்சி ஒரு உறையில் இட்டுக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஓட்டுநரும் கேட்கவில்லை. மறுநாள் சாலைக் கடைத்தெருவிலேயே ஒரு கோடிட்ட குறிப்பேடு வாங்கப்பட்டது. தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று மூன்று பத்திகள். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே 93 என்று மட்டும் எழுதியிருக்கிறது. கண்ணாடி காட்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று என்பது அதன் பொருள். மாதத்தில் ஒரு முறை தொட்டி நிரப்பும்போது அண்ணாச்சியும் பங்க்குக்குப் போகிறார். லிட்டரை அவர் படிக்க, ஓட்டுநர் எழுதுகிறார்.